கடிதம் வந்து விழும் இடம்

போன வாரம் ஷர்மினி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் வேலையைப் பார்ப்பவள் அவள்தான். கெட்டிக்காரி, கொஞ்சம் அவசரக்காரி. நான் அப்போது பினாங்கில், ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மழை விட்டு அரைமணி நேரம்தான் ஆகியிருந்தது. மலையில் பாதிக்கு மேல் மேகம் வெள்ளையாக மூடிக் கிடந்தது. மலை அப்படி இருக்கும்போது ஒரு விஷயம் நேற்று நடந்ததா, முப்பது வருஷத்துக்கு முன்னால் நடந்ததா என்பது எனக்குச் சரியாகப் பிடிபடுவதில்லை.

"அக்கா, பழைய சர்வர நிறுத்தப் போறோம் லா. மெயில் எல்லாம் கிளவுடுக்குப் போகுது. ஒரு சின்ன சந்தேகம். /usr/spool/mail-னு ஒண்ணு இருக்கு. ஃபோல்டர் மாதிரி தெரியுது, ஆனா வெறும் லிங்க்தான். /var/mail-க்குக் கை காட்டுது. யார் வெச்சாங்க, எதுக்கு வெச்சாங்கன்னு இங்க யாருக்குமே தெரியல. அழிச்சிரலாமா?"

"நான்தான் வெச்சேன்."

"எதுக்குக்கா?"

"அழிச்சிரும்மா. இனிமே அந்த வழியா வர்றதுக்கு ஒண்ணும் இல்ல."

"ஏதோ கதை இருக்கு போல," என்றாள்.

இருக்கிறது. அதைப் போனில் சொல்லத் தொடங்கினால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால் சிரித்து மழுப்பிவிட்டு, துணியை எல்லாம் போட்டு முடித்து, இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் வேலை பார்த்தது ஜார்ஜ்டவுனில், படகுத்துறைக்கு எதிரே இருந்த ஒரு கம்பெனியில். தொழிற்சாலைகளுக்கும் கப்பல்களுக்கும் அளவுக்கருவிகள் செய்து கொடுத்தார்கள். கருவிகளைச் செய்யும் தொழிற்சாலை அக்கரையில், ஜுருவில். இக்கரையில் அலுவலகம். கீழ்த்தளத்தில் உதிரிப்பாகங்கள் அடுக்கிய ஸ்டோர், மேல்மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் அறை. அறைக்கு ஒரே ஒரு ஜன்னல், அது கடலைப் பார்த்தது. ஃபெர்ரி நிதானமாகப் போகும், நிதானமாக வரும். குளிரூட்டி இரைச்சலில் அதன் சத்தம் கேட்காது. எனக்கு அந்தக் கடல் எப்போதும் சத்தமில்லாத கடல்தான். இன்றைக்கும் கனவில் வந்தால் அப்படியேதான் வருகிறது.

அங்கே நான் போய்ச் சேர்ந்த கதை சின்னது. பள்ளி முடித்ததும் தட்டச்சு வேலை. சாயங்கால வகுப்பில் ஒரு டிப்ளோமா. கோலாலம்பூரில் இரண்டு வாரம் பயிற்சி, அதில் ஒரு வாரம் காய்ச்சல். மீதி எல்லாம் தலையணை மொத்தத்தில் இருந்த கையேடுகளைப் படித்து நானாகத் தெரிந்துகொண்டது. இருபத்தெட்டு வயதில், யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடிய மூன்று மெஷின்களுக்கு என்னைப் பொறுப்பாக்கினார்கள். ரூட் கடவுச்சொல் என்னிடம் இருந்தது. அது இருந்தால் யார் பெட்டியையும் திறக்கலாம், யார் எழுதியதையும் படிக்கலாம். அந்த வயதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது என்பதை மறைக்கப்போவதில்லை.

மெயில் அப்போது எளிமையான சமாச்சாரம். ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு ஃபைல், அதுதான் அவர் பெட்டி. வருகிற கடிதமெல்லாம் அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு கடிதத்துக்கும் முதல் வரி உறை மாதிரி. யார் போட்டது, என்ன கிழமை, எத்தனை மணி என்று அதில் இருக்கும். ஆனால் இந்தப் பெட்டிகளை எந்த ஃபோல்டரில் வைப்பது என்பதில் மெஷின் செய்தவர்களுக்குள் ஒற்றுமையே கிடையாது. ஒருவர் /usr/mail என்றார், ஒருவர் /usr/spool/mail என்றார், புதிதாக வந்தவர்கள் /var/mail என்றார்கள். ஜுருவில் இரண்டு, இங்கே ஒன்று என்று எங்களிடம் மூன்று மெஷின், மூன்று இடம்.

இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். கடிதத்தைக் கொண்டுவந்து போடுகிற புரோகிராம் ஒன்று, எடுத்துக் காட்டுகிற புரோகிராம் வேறொன்று. இரண்டும் ஒரே இடத்தைத்தான் பெட்டி என்று நினைக்க வேண்டும். தபால்காரர் வாசலில் போட்டுவிட்டுப் போக, நாம் பின்வாசலில் தேடினால் கிடைக்காது. அவ்வளவுதான் விஷயம். அந்த அவ்வளவில்தான் நான் சறுக்கினேன்.

அதற்கு முன்னால் என் மேலதிகாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மிஸ்டர் ஊய் பினாங்கு ஹொக்கியன் சீனர், ஐம்பதைத் தாண்டியவர். என்னிடம் ஆங்கிலமும் மலாயும் கலந்துதான் பேசுவார், ஆனால் அவர் பேசியது எல்லாம் எனக்குத் தமிழில்தான் நினைவிருக்கிறது. எந்த வேலையாக இருந்தாலும் முதலில் பென்சிலால் படிகளை எழுதுவார். நான் கட்டளையைத் தட்டுவேன், என்டரைத் தொடக் கூடாது. தட்டியதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். சரியென்றால் தலையை ஒரு தடவை அசைப்பார். அப்புறம்தான் என்டர். சில நாள் கண்ணை மூடினவர் நிஜமாகவே தூங்கிவிட்டாரோ என்று தோன்றும். ஒரு புள்ளி தப்பாகப் படித்தால் போதும், கண் திறந்துவிடும்.

மெயில் விஷயத்தில் அவருக்கு ஒரே சட்டம்தான். "உறையைப் பாக்கலாம். அது நம்ம வேலை. உள்ள பாக்கக் கூடாது. அது அவங்க கடிதம்." இதைச் சொல்லும்போது மட்டும் கண்ணைத் திறந்து நேராகப் பார்ப்பார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையிலேயே, ஜார்ஜ்டவுன் அலுவலக மெஷினுக்குப் புதிய யூனிக்ஸ் ஏற்றினேன். மிஸ்டர் ஊய் அன்று விடுப்பில் இருந்தார். அவர் வரும்வரை காத்திருக்கலாம்தான். நானே செய்துவிட முடியும் என்று காட்டிக்கொள்ள ஆசை. புதியது பெட்டிகளை /var/mail-இல் தேடும் என்று தெரியும், அதனால் எல்லார் பெட்டியையும் பழைய இடத்திலிருந்து அங்கே நகர்த்தினேன். எடுத்துக் காட்டும் புரோகிராம் புதியது. கொண்டுவந்து போடும் புரோகிராமை மட்டும் பழையபடியே விட்டுவிட்டேன், நன்றாக ஓடுகிறதே என்று. அது பாட்டுக்குப் பழைய ஃபோல்டரில் புதுசு புதுசாகப் பெட்டி செய்து கடிதங்களைப் போட்டுக்கொண்டிருந்தது. அன்று முழுக்க வந்த கடிதம் ஒன்றையும் யாரும் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதே அவர்களுக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் புகார்கள் வந்தன. காரணம் ஐந்து நிமிடத்தில் தெரிந்தது. போடுகிற புரோகிராமைப் புதிய இடத்துக்குத் திருப்பினேன். புகார் சொன்ன பதினோரு பேரின் கடிதங்களையும் பழைய இடத்திலிருந்து எடுத்து அவரவர் பெட்டியில் சேர்த்தேன். புகார் சொல்லாதவர்களுக்குக் கடிதமே வந்திருக்காது என்று நானே முடிவு கட்டிக்கொண்டு அந்த ஃபோல்டரை மறந்துவிட்டேன்.

புகார் சொல்லாதவர்களில் ஒருவர் பாக்கியம் அக்கா. ஸ்டோர் கவுண்டரில் இருந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் அன்று வேலைக்கே வரவில்லை. முந்தின நாள், அதே செவ்வாய்க்கிழமை சாயங்காலம், அவருடைய அப்பா ஜுருவில் அண்ணன் வீட்டில் இறந்துபோயிருந்தார்.

அண்ணன் தனபாலன் எங்கள் கம்பெனிதான். ஜுரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அண்ணனும் தங்கையும் தினமும் மெயிலில் பேசிக்கொள்வார்கள், ஆங்கில எழுத்தில் தமிழ். இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஒரு நொடியில் போய்விடுகிறது என்பதில் இரண்டு பேருக்கும் சின்னப் பிள்ளைகளைப் போல சந்தோஷம். பாக்கியம் அக்கா காலை ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போயிருந்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு உறவுக்காரர் ஒருவர் கதவைத் தட்டிச் சொன்ன பிறகுதான் அப்பா போன விஷயமே தெரிந்திருக்கிறது. சாவு வீட்டில் எல்லார் முன்னாலும் சண்டை.

காரியமெல்லாம் முடிந்து அவர் வேலைக்குத் திரும்பிய அன்று கேண்டீனில் சொன்னார். "செவ்வாய்க்கிழமை காலைலேயே மெயில் போட்டானாம் லா. எனக்கு ஒரு மெயிலும் வரல. போன் பண்ண மறந்துட்டு, எல்லார் முன்னாடியும் நான்தான் வரலன்னு சொல்றான். அப்பா முகத்த உயிரோட பாக்க விடாம பண்ணிட்டான் பாவி. இனிமே அவன் என் அண்ணன் இல்ல. அந்த மெயிலையும் தொட மாட்டேன்."

நான் மைலோ குடித்துக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை என்று அவர் சொன்னபோது எனக்குச் சந்தேகம் வந்தது. அது இப்போது நினைத்துப் பார்த்துச் சேர்த்துக்கொள்வதல்ல, அப்போதே வந்தது. மாடிக்குப் போய்ப் பழைய ஃபோல்டரை ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. பார்க்காதவரை அங்கே ஒன்றும் இல்லை. அப்படியே பதினோரு வாரம் ஓட்டினேன். என் வேலைக் காலத்தில் நான் செய்த பெரிய தப்பு எது என்று கேட்டால், அந்தச் செவ்வாய்க்கிழமையைச் சொல்ல மாட்டேன், இந்தப் பதினோரு வாரத்தைத்தான் சொல்வேன்.

பாக்கியம் அக்கா சொன்னபடியே செய்தார். ஸ்டோர் வேலைக்குத் தாளில் அச்சடித்த ஆர்டர் போதும், மெயில் அவசியமில்லை. அவர் பெட்டி திறக்கப்படாமலே கிடந்தது.

இதற்கிடையில் நான் தனியாகப் புதியதை ஏற்றி ஒரு நாள் மெயில் தவறிய கதை மிஸ்டர் ஊய்க்குத் தெரிந்துபோனது. திட்டவில்லை. பென்சிலைக் கூர்தீட்டினார். "மூணு மெஷினுக்கும் ஒரே இடம். யார் எந்த மெஷினுக்குப் போனாலும் கடிதம் /var/mail-ல இருக்கணும். பழைய பேர்ல எல்லாம் லிங்க் வெச்சிரு. பழைய வழியில வர்ற புரோகிராமும் தெரியாமலே புது இடத்துக்குப் போய்ச் சேரட்டும்." ஜுரு மெஷின்களை முதலில் முடித்தோம். எங்கள் அலுவலக மெஷின் கடைசி.

அதற்கு ஒரு வெள்ளிக்கிழமை மதியத்தைத் தேர்ந்தெடுத்தோம். பன்னிரண்டரைக்கு மேல் தொழுகைக்காகப் பாதிப் பேர் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள், மீதிப் பேர் நீண்ட இடைவேளையில் சாப்பாட்டுக்குப் போவார்கள். இரண்டு மணி நேரத்துக்கு டெர்மினல்கள் எல்லாம் சும்மா கிடக்கும். பாங்கு ஒலி காற்றோடு மெல்ல வந்து போனது. கடல் மினுமினுத்தது. மிஸ்டர் ஊய் பதின்மூன்று படிகள் எழுதிய தாளோடு என் பக்கத்தில் நின்றார்.

கடிதம் வருவதை நிறுத்து. பெட்டிகளைப் பட்டியலெடு. ஒவ்வொரு பெட்டியிலும் எத்தனை கடிதம் என்று எண்ணு. பழைய இடத்தில் மிச்சம் ஏதும் இருந்தால் புதியதோடு சேர். திரும்ப எண்ணு. பெட்டிக்கு உரியவர் பெயரைச் சரிபார். நேரத்தைப் பழையபடி வை.

நேரத்தைப் பற்றிய இந்தப் படியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு ஃபைலைக் கடைசியாக யாராவது எப்போது தொட்டுப் படித்தார்கள் என்று யூனிக்ஸ் குறித்து வைத்துக்கொள்ளும். எண்ணுவதற்காக நாம் திறந்தாலும் படித்ததாகத்தான் குறிக்கும். அந்தக் காலத்தில் ஃபிங்கர் என்று ஒரு கட்டளை இருந்தது. ஒருவர் பெயரைக் கொடுத்தால், அவர் மெயிலைக் கடைசியாக எப்போது படித்தார், இல்லை எப்போதிலிருந்து படிக்காமல் இருக்கிறார் என்று சொல்லிவிடும். அக்கரை மெஷினிலிருந்தும் கேட்கலாம். "நாம தொட்டத அவங்க படிச்சதா மெஷின் சொல்லக் கூடாது. அது பொய் சாட்சி," என்றார் மிஸ்டர் ஊய். அதற்குத்தான் அந்தப் படி.

பழைய ஃபோல்டரைப் பட்டியலெடுத்தேன். எல்லாம் காலியாக இருக்கும் என்று நினைத்த இடத்தில் ஒரே ஒரு ஃபைல். பாக்கியம் அக்காவின் பெயர். உள்ளே ஒரே ஒரு கடிதம். உறையை மட்டும் எடுத்துப் பார்த்தேன். அனுப்பியவர் தனபாலன். செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடம்.

அறை முழுக்க தண்ணீருக்குள் இருப்பதுபோல மெதுவாகிவிட்டது. திரையில் இருந்த அந்த ஒரு வரியையே எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ.

"ஏன் நிறுத்திட்டே?" என்றார் மிஸ்டர் ஊய், கண்ணை மூடியபடியே.

எல்லாவற்றையும் சொன்னேன். புகார் சொன்னவர்களுக்கு மட்டும் சரிசெய்தது, கேண்டீனில் கேட்டது, பதினோரு வாரம் பார்க்காமல் இருந்தது. குரல் எனக்கே யாரோ பேசுவதுபோலக் கேட்டது. அவர் கண்ணைத் திறந்தார்.

"பழைய இடத்துல எத்தனை?"

"ஒண்ணு."

"புது இடத்துல?"

"நாலு. மூணு நோட்டீஸ். ஒண்ணு அவங்க அண்ணன் அப்புறமாப் போட்டது, பெருசு."

"சேர்த்தா அஞ்சு வரணும். எண்ணு."

எண்ணினேன். ஐந்து வந்தது. அப்புறம் அவர் தாளை ஜன்னல் கட்டையில் வைத்து, பதின்மூன்றாவது படிக்குக் கீழே பதினான்கு என்று போட்டு, 'பாக்கியத்திடம் சொல்' என்று எழுதினார். வழக்கம்போல அழகான, சின்ன எழுத்து.

"திங்கக்கிழமை சொல்றேன் சார்."

"சனிக்கிழமையும் வேலை நாள்தான்," என்றார்.

மீதிப் படிகளை முடித்தோம். பழைய ஃபோல்டரை எடுத்துவிட்டு அந்தப் பெயரில் லிங்க் வைத்தேன். ஷர்மினி கேட்டாளே, அது இதுதான். எல்லார் பெட்டிக்கும் நேரத்தைப் பழையபடி வைத்தேன். ஒரே ஒரு பெட்டிக்கு மட்டும், பாக்கியம் அக்காவின் பெட்டிக்கு, நடுவில் அழுதுகொண்டிருந்ததில் வைக்க மறந்தேன். மிஸ்டர் ஊயும் கவனிக்கவில்லை. அவர் ஒரு படியைத் தவறவிட்டது நான் பார்த்தவரை அந்த ஒரு தடவைதான்.

சனிக்கிழமை காலையில் ஸ்டோர் பக்கமே போகவில்லை. பத்து மணிக்குப் போகலாம், பத்தரைக்குப் போகலாம் என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு ஃபெர்ரி துறையில் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிச் சாலையைக் கடந்து வந்தவர்களில் ஒருவரை எங்கேயோ பார்த்ததுபோல இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவரே என் அறை வாசலில் நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. தனபாலன்.

"உள்ள வரலாமா? ஸ்டோருக்குப் போறதுக்கு முன்னாடி உங்களப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் லா. இந்த மெயில் எல்லாம் நீங்கதான பாக்கறீங்க?"

"ஆமாண்ணே. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. சிரித்தபடியே இருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"தினமும் காலைல ஃபேக்டரி லைன் ஓட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஃபிங்கர் போட்டுப் பாப்பேன். பதினோரு வாரமா அதே வரிதான். படிக்கல, படிக்கலன்னு. இன்னைக்குக் காலைல பாக்கறேன், நேத்து மத்தியானம் ஒண்ணு நாப்பதுக்குப் படிச்சிருக்கு! என் கடிதத்தப் படிச்சிட்டா. படிச்சிட்டா கண்டிப்பா அவளுக்குப் புரிஞ்சிருக்கும். சரி, இனிமே நாமதான் போகணும்னு அரை நாள் லீவு போட்டுட்டு வந்துட்டேன்."

ஒன்று நாற்பது. நான் எண்ணிய நேரம்.

ஆமாம் அண்ணே, படித்துவிட்டார் என்று சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. இரண்டு பேரும் கீழே சந்தித்துக்கொள்வார்கள், அழுவார்கள், எப்படியோ சேர்ந்துவிடுவார்கள், என் பெயர் இதில் வரவே வராது. மிஸ்டர் ஊய் தன் மேசையிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, படிச்சது அவங்க இல்ல. நான் தொட்டேன். எண்ணறதுக்காகத் திறந்தேன். உள்ள பாக்கல. நேரத்தத் திருப்பி வைக்க மறந்துட்டேன்."

சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது, கண் மட்டும் மாறியது. நான் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தெரிந்தது. செவ்வாய்க்கிழமை அவர் போட்ட கடிதம் எங்கே போனது, யாரால் போனது, எத்தனை நாள் அங்கே கிடந்தது, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் மெதுவாக, "அப்ப அவ பொய் சொல்லல," என்றார். அப்புறம், "நானும் பொய் சொல்லல," என்றார். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்க வீட்ல ஒரு போன் இருந்துச்சு. நானும் அத எடுத்திருக்கலாம். மெயில்தான் போயிருச்சே, வந்துக்கிட்டிருப்பான்னு இருந்துட்டேன்."

மிஸ்டர் ஊய் ஸ்டோருக்குப் போன் செய்து பாக்கியம் அக்காவை மேலே வரச் சொன்னார். படியேறி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. வாசலுக்கு வந்தவர் அண்ணனைப் பார்த்ததும் அப்படியே திரும்பினார்.

"அக்கா, போகாதீங்க. தப்பு என்னோடது," என்றேன். "அண்ணன் மெயில் போட்டாங்க. நான்தான் அத உங்ககிட்ட வரவிடாம பண்ணிட்டேன். இங்க வந்து பாருங்க."

எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. அவர் வந்து டெர்மினல் முன்னால் உட்கார்ந்தார். கடவுச்சொல்லை மறக்கவில்லை. பட்டியல் வந்தது. ஐந்து வரி. முதல் வரியில் அண்ணன் பெயர், அந்தச் செவ்வாய்க்கிழமை, பத்து மணி பன்னிரண்டு நிமிடம். அவர் ஒன்று என்று தட்டி என்டரை அழுத்தினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவரே வாய்விட்டுப் படித்தார்.

"பாக்கியம், அப்பாவுக்கு ரொம்ப முடியல. உன்னக் கேக்கறாரு. உடனே கிளம்பி வா."

அவ்வளவுதான் கடிதம்.

"அந்தப் பெரிய கடிதத்தப் படிக்காத," என்றார் தனபாலன். "அதுல ஒண்ணும் இல்ல. நான் அனுப்பினேன், நான் அனுப்பினேன்னு பத்து தடவ எழுதியிருக்கேன்."

பாக்கியம் அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என்னப் பத்தி என்னன்னு கேட்டாரு?"

"ம்?"

"உன்னக் கேக்கறாருன்னு போட்டிருக்கியே. அப்பா என்னன்னு கேட்டாரு?"

தனபாலன் கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "நான் வீட்டுக்குப் போனதும், பாக்கியத்துக்கு இன்னைக்கு எந்த ஷிப்ட்னு கேட்டாரு. காலை ஷிப்ட்டுப்பான்னேன். அப்ப மூணு மணிக்குத்தான் விடுவாங்கன்னாரு. இல்லப்பா, மெயில் போட்டிருக்கேன், முன்னாடியே வந்துரும்னேன். அப்புறம் மணி என்ன, மணி என்னன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு."

"எது வரைக்கும்?"

"நாலு வரைக்கும்."

பாக்கியம் அக்கா நாற்காலியோடு என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை. ஏதோ ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டவர் முகம் மாதிரி இருந்தது.

"அன்னைக்கு மத்தியானம் நீ ஸ்டோருக்கு வந்த. ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இல்லை. அன்று எத்தனையோ பேரிடம் போனேன்.

"புதுசு வந்திருக்கு, இப்படித்தான் தொறக்கணும்னு பக்கத்துல நின்னு காட்டின. மணி ரெண்டு இருக்கும். நான் உங்கிட்டக் கேட்டேன். காலைல இருந்து மனசு ஒரு மாதிரியா இருக்கு, எங்கண்ணன் ஏதாச்சும் போட்டிருக்கானா பாருன்னு கேட்டேன். நீ பாத்த. பாத்துட்டு, ஒண்ணும் இல்லக்கா, பெட்டி காலி, நிம்மதியா வீட்டுக்குப் போங்கன்னு சொன்ன."

அவர் எழுந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

"நானும் போய்ச் சமைச்சேன்," என்றார்.

தனபாலன் தங்கையின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா கையை உதறவில்லை. இருவரும் படியிறங்கிப் போகும் சத்தம் கீழே போய் நிற்கும்வரை நான் நின்ற இடத்திலேயே நின்றேன். மிஸ்டர் ஊய் வந்து, அக்கா உட்கார்ந்திருந்த நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். நான் அதில் உட்காரவில்லை.